படி ஏறாத நாளும் கணக்குத்தான்

சென்ற இதழில் மலைப்படி ஏறுவது நல்ல தேகப்பயிற்சி என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான். "தினமும் ஏறினால் சீக்கிரம் இளைக்குமா? ஒரு நாள் விட்டுவிட்டால் அதுவரை ஏறியதெல்லாம் வீணா?" ஒரு சகோதரி இன்னும் ஒரு படி மேலே போய், "காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறலாமா?" என்று கேட்டிருக்கிறார். குழந்தை பிறந்து எட்டு மாதமாம். அதைப் படித்ததும், இந்த இதழ் முழுக்க இதையே எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் திருத்தணிக்கு வந்திருப்பவர்களுக்குத் தெரியும். அடிவாரத்திலிருந்து சுவாமி சந்நிதிக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. வண்டியில் மேலே போக ரோடு இருக்கிறது. இருந்தாலும் விடியற்காலையில் படிப்பக்கம் போய்ப் பாருங்கள். வேண்டுதலுக்கு ஏறுகிறவர்கள், சர்க்கரைக்காக டாக்டர் சொல்லி ஏறுகிறவர்கள், இவர்களோடு இப்போது உடம்பு இளைக்க ஏறுகிற பெண்களும் சேர்ந்துகொண்டுவிட்டார்கள். தமிழும் தெலுங்குமாகப் பேசிக்கொண்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு விறுவிறுவென்று போவார்கள். "உடம்புக்கும் ஆச்சு, முருகனுக்கும் ஆச்சு" என்பார்கள்.

நல்ல காரியம்தான், சந்தேகமில்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு எடை அளவுக்கு மேல். ஆனால் அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது. பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்க்கக் குண்டாக இருக்கிறவள் சத்தோடுதான் இருப்பாள் என்று வீட்டில் நினைக்கிறார்கள். அவள் உடம்பில் ரத்தம் இல்லாமல் படி ஏறி மூச்சு வாங்கினால், "குண்டு, அதான் மூச்சு வாங்குது, இன்னும் ஏறு" என்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் ஆயிற்று. கைக்குழந்தைக்குப் பத்து மாதம். தையில் கொழுந்தனார் கல்யாணம் வந்தது. பழைய பட்டு ரவிக்கை ஒன்றுகூடப் போட முடியவில்லை என்று ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தினமும் இரண்டு வேளை மலை ஏறுவதாக வேண்டிக்கொண்டாள். ராத்திரிக்கு ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான் ஆகாரம். முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மூன்றாம் வாரம் எடை பழையபடி ஏறிக்கொண்டது. முழங்கால் வீங்கிவிட்டது. மனையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. தலைசுற்றல் வேறு. குழந்தைக்குப் பால் போதவில்லை. 19ஆம் நாள் படியில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரிடம் அழைத்துப் போனால் ரத்தம் 9 கிராம்தான் இருந்தது. 12க்காவது இருக்க வேண்டும்.

அந்தப் பெண் அழுதது கால் வலிக்காக இல்லை. "மண்டலம் கெட்டுப்போச்சே அக்கா, சாமி குத்தம் ஆயிடுமோ" என்றுதான் அழுதாள். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இளைப்பதற்காக ஏறுவதையும் வேண்டுதலையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டால், உடம்பு 'போதும்' என்று சொல்வதைக் கேட்கவே பயமாகிவிடுகிறது. வேண்டுதல் என்றால் வேண்டுதலாகச் செய்யுங்கள். ஒரு கிருத்திகைக்கு ஏறுகிறேன் என்று வேண்டிக்கொள்ளுங்கள். இளைப்பதற்கு மண்டலக் கணக்கு எதற்கு? திருச்செந்தூரில் சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் பார்க்கக் கூட்டம் அலைமோதும். எங்கள் ஊரில் சம்ஹாரமே கிடையாது, புஷ்பாஞ்சலிதான். சண்டையெல்லாம் முடித்துக் கோபம் தணிந்து சுவாமி வந்து அமர்ந்த இடம் என்பதால்தான் தணிகை என்று பெயர். ஓய்வெடுக்க வந்தவர் சந்நிதிக்கு ஓய்வில்லாமல் ஏறி முழங்காலை ஒடித்துக்கொள்ளச் சொல்லி அவர் கேட்டாரா என்ன?

சரி, கணக்குக்கு வருவோம். அறுபது, அறுபத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு பெண் இந்த 365 படி ஏறி இறங்கினால் செலவாவது கூடக்குறைய நூறு கலோரி. கீழே வந்து ஒரு மெதுவடை சாப்பிட்டால் சரியாய்ப் போயிற்று. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். அதாவது படி ஏறி மட்டுமே ஒரு கிலோ குறைக்க எழுபது எண்பது தடவை மலை ஏற வேண்டும்! தினமும் இரண்டு வேளை ஏறுகிறவள் வாரத்தில் 14 தடவை ஏறுகிறாள். மூன்று நாள் ஏறுகிறவளை விட 11 தடவை அதிகம். அந்தப் பதினொன்றுக்குக் கிடைக்கிற லாபம் 1,100 கலோரி. நாலு வேளை காபி குடிக்கிறவர், வேளைக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை போடுகிறவராக இருந்தால், அந்தச் சர்க்கரையை ஒரு வாரம் விட்டாலே இந்த 1,100 வந்துவிடுகிறது. முழங்காலுக்கும் சேதமில்லை. எடை குறைவதில் பெரும்பங்கு அடுப்படியில்தான் நடக்கிறது.

அப்படியானால் ஏறவே வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் ஏற வேண்டும். ஆகாரத்தை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைந்துவிடும். ஏறினால்தான் தொடைத் தசை நிற்கும், சர்க்கரை கட்டுப்படும், நெஞ்சு பலப்படும். லண்டனில் ஜெரமி மாரிஸ் என்ற டாக்டர் 1953இல் ஒன்று கண்டுபிடித்துச் சொன்னார். இரட்டை மாடி பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுகிற டிரைவர்களை விட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கிற கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. தினம் ஐந்நூறு அறுநூறு படி ஏறுவார்களாம். ஆனால் ஒரே மூச்சில் இல்லை, நாள் முழுக்கப் பரவலாக, பத்துப் பத்துப் படியாக. இதையும் கவனியுங்கள்.

இனி ஓய்வு விஷயம். படி ஏறும்போது தசை பலப்படுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்போது நடப்பது வேறு. பழக்கமில்லாத வேலை கொடுத்தால் தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கிழிசல்கள் விழுகின்றன. தியோடர் ஹஃப் என்ற அமெரிக்கர் 1902லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். மறுநாளும் அதற்கு மறுநாளும் காலைத் தொட்டால் வலிக்கிறதே, அது இதனால்தான். அந்தக் கிழிசலை உடம்பு உட்கார்ந்து தைக்கிறது. தைக்கும்போது முன்னைவிடக் கெட்டியாகத் தைக்கிறது. அதற்கு ஒன்றிரண்டு நாள் வேண்டும், தூக்கம் வேண்டும், பருப்பும் முட்டையும் பாலும் வேண்டும். இட்லிக்கு அரைக்கிறோம். அரைத்து முடித்ததும் மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போகிறோம். ராத்திரி பூரா கிரைண்டரை ஓட்டிக்கொண்டே இருந்தால் மாவு பொங்குமா? ஓய்வு நாள் என்பது அந்த மூடி வைத்த பாத்திரம் மாதிரிதான்.

இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சுலபம் என்று, வண்டியில் மேலே போய்விட்டுப் படியில் இறங்கி வருகிறவர்கள் உண்டு. மூச்சுக்கு அது சுலபம்தான், முழங்காலுக்கு இல்லை. ஒவ்வொரு படி இறங்கும்போதும் உடம்பின் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் பளு முழங்காலில் விழுகிறது. தொடை வலியும் இறங்குவதால்தான் அதிகம். மூட்டுத் தொந்தரவு இருக்கிறவர்கள் ஏறுவதைப் படியில் ஏறி, வருவதை வண்டியில் வந்துவிடலாம். இருபது முப்பது ரூபாய் பார்த்தால் பிற்பாடு மூட்டு டாக்டருக்குக் கொடுக்க வேண்டிவரும்.

வாரத்துக்கு எத்தனை நாள்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, அத்துடன் இரண்டு நாளாவது தசைக்கு வேலை என்று போட்டிருக்கிறார்கள். வாரக் கணக்குதான் சொல்லியிருக்கிறார்களே தவிர, தினமும் செய்யாவிட்டால் பாவம் என்று சொல்லவில்லை. கைபேசியில் தினம் பத்தாயிரம் அடி காட்டவில்லையே என்று தூங்கப் போகும் நேரத்தில் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற சகோதரிகளுக்கும் ஒரு சேதி. அந்தப் பத்தாயிரம் 1965இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. டாக்டர்கள் கூடி நிர்ணயித்த கணக்கு இல்லை.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நான் சொல்வது இது. செவ்வாய்க்கிழமை எப்படியும் ஏறுவீர்கள், அதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வியாழன், சனி. ஒன்றுவிட்டு ஒரு நாள் வருகிறதா? நிதானமாக ஏற இருபது நிமிஷம், இறங்கப் பதினைந்து. மூன்று நாளைக்கு 105 நிமிஷம் ஆயிற்று. திங்களும் வெள்ளியும் சமதரையில் இருபத்தைந்து நிமிஷம் கை வீசி நடந்தால் 155. முடிந்தது. புதனும் ஞாயிறும் ஒன்றும் கிடையாது. மலை இல்லாத ஊர்க்காரர்கள் மாடிப்படியையோ, மேம்பால நடைபாதையையோ வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் இரண்டு வாரம் நூறு படியோடு திரும்பிவிடுங்கள். உச்சிக்குப் போகாவிட்டால் தரிசனம் இல்லையே என்று யோசிக்காதீர்கள், அடிவாரத்திலிருந்தே கும்பிடலாம்.

வேகத்துக்கு ஒரு அளவு உண்டு. ஏறும்போது பக்கத்தில் வருகிறவளோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு இருக்க வேண்டும். பேச்சே வரவில்லை என்றால் வேகம் அதிகம். டிசம்பர் 31 அன்று எங்கள் ஊர்ப் படித்திருவிழாவைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். வெள்ளைக்காரன் காலத்தில் ஜனவரி முதல் தேதி துரைமார்களைப் பார்த்து வாழ்த்துச் சொல்ல ஓடுவார்களாம். அதற்கு முன்னால் தணிகை மலைத் துரையைப் பார்ப்போம் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917இல் ஆரம்பித்து வைத்தார். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமமிட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டு போவார்கள். எழுபது வயசுப் பாட்டிமார்கள் உச்சி வரை வந்துவிடுகிறார்கள். எப்படி? படிக்குப் படி நிற்கிறார்களே! நீங்களும் முப்பது நாற்பது படிக்கு ஒரு தரம் நில்லுங்கள். நின்றால் கெளரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இனிமேல்தான் கஷ்டமான இடம். ஓய்வு நாள் என்று நான் எழுதிவிடுகிறேன். நீங்களும் படித்துவிடுகிறீர்கள். வீட்டில் யார் கொடுக்கிறார்கள்? புதன்கிழமை மலைக்குப் போகவில்லை என்று தெரிந்ததும், "இன்னைக்கு சும்மாதானேம்மா இருக்கே, அந்தப் போர்வையெல்லாம் ஊற வெச்சுடு" என்று அத்தம்மா சொல்வார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் காலத்தில் ஓய்வு என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. போர்வை அலசி, பரண் ஒழித்து, வாரத்துக்கு மாவு ஆட்டி, ராத்திரி குழந்தையோடு விழித்தால், அது மலை ஏறின நாளைவிட மோசமான நாள். குனிந்து நிமிர்வதும் தண்ணீர் தூக்குவதும் தசைக்கு வேலைதான். அதனால் கனத்த வேலைகளை ஏறுகிற நாளிலோ, நடக்கிற நாளிலோ போட்டுக்கொள்ளுங்கள். புதன்கிழமைக்குக் குழம்பும் பொரியலும் போதும். மத்தியானம் குழந்தை தூங்கும்போது நீங்களும் அரை மணி படுங்கள், பாத்திரம் எங்கேயும் ஓடிப்போகாது. வீட்டில் சொல்லும்போது "ஓய்வு" என்று சொல்லாதீர்கள், எடுபடாது. "டாக்டர் சொன்ன கணக்கு, இன்னைக்கு கால் ஆறணும்" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் தெருப் பெண் அப்படித்தான் சமாளித்தாள். முதலில் முணுமுணுத்த அவள் அத்தம்மாவே பிற்பாடு, "இன்னைக்கு புதன் இல்லே? துணி மிஷின்லே போட்டுக்கலாம் விடு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பால் கொடுக்கிற தாய்மார்களுக்கு: முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிடத் தினமும் 600 கலோரியும், அடுத்த ஆறு மாதம் 520 கலோரியும் அதிகம் வேண்டும் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. பட்டினி கிடந்து ஏறினால் அந்தச் சத்து எங்கிருந்து வரும்? ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரம்மா பார்த்துச் சம்மதம் சொல்லும் வரை படிப்பக்கமே போக வேண்டாம். முந்தின ராத்திரி நாலு மணி நேரம்கூடத் தூக்கமில்லை என்றால் அன்றைக்குச் செவ்வாயாக இருந்தாலும் ஏற வேண்டாம். இன்னொரு அளவும் இருக்கிறது. காலையில் படுக்கையை விட்டு எழும்முன் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் நாடித்துடிப்பை எண்ணிப் பழகுங்கள். வழக்கமாக 72 என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள் 80, 82 என்று இருந்தால் உடம்புக்கு இன்னும் களைப்பு ஆறவில்லை. நெஞ்சு வலித்தாலோ, கண் இருட்டினாலோ ஓய்வெடுத்தால் போதும் என்று விடாமல் டாக்டரைப் பாருங்கள். நாற்பது தாண்டியவர்களும், சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ உள்ளவர்களும் முதல் படி வைக்கும் முன்பே டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மாதவிலக்கு நாட்களைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மலைக்கோயில் படி என்பதால் அந்த நாட்களில் பலரும் போவதில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. மூன்று நாள் விடுவதால் ஏறின பலன் போகாது. முடிந்தால் தெருவிலேயே கொஞ்சம் நடக்கலாம், முடியாவிட்டால் வேண்டாம். ஆனால் அதற்கு முந்தின வாரத்தில் எடை பார்க்காதீர்கள். உடம்பில் நீர் தங்கி ஒரு கிலோ வரை கூடக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துகிறவர்களை எனக்குத் தெரியும். எங்கள் தெருப் பெண்ணுக்கு முதல் வாரம் குறைந்ததாகச் சொன்னேனே, இரண்டு கிலோ, அதிலும் பெரும்பகுதி நீர்தான். மாதம் ஒரு தடவை, அதே மெஷினில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். அதைவிடத் தையல் டேப் நல்லது. நம் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். தொப்புள் மட்டத்தில் சுற்றி, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்க வேண்டும்!

அந்தப் பெண் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு, ஒரு மாதம் படிப்பக்கமே போகாமல் இருந்து, பிறகு நூறு படியில் ஆரம்பித்தாள். செவ்வாய், வியாழன், சனி. ராத்திரிக்கு இரண்டு கேழ்வரகு அடை, கீரை. காபியில் சர்க்கரை பாதி. நாலு மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது, இடுப்பில் ஆறு சென்டிமீட்டர். கொழுந்தனார் கல்யாணத்துக்குப் புது ரவிக்கைதான் தைத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியும் கூட்டமுமாக இருக்கும். வீட்டிலும் விருந்தாளிகள் நிறைந்துவிடுவார்கள். அந்த வாரம் பயிற்சிக் கணக்கையெல்லாம் ஒத்தி வையுங்கள். ஒரு வாரம் விட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கும்போது முதல் நாள் பாதி தூரம் ஏறுங்கள், விட்டதைப் பிடிக்கிறேன் என்று இரண்டு தடவை ஏற வேண்டாம். வெயில் காலத்தில் எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள். அதற்கு மேல் கல் காய ஆரம்பித்தால் வெறுங்காலில் வேகமாக ஓடி இறங்கத் தோன்றும். முழங்காலுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.